திறப்பில் நிற்பவர்கள்: மக்களுக்காகப் பரிந்து பேசும் கடமையின் வரலாறு

பரிந்து பேசும் கடமை: ஒரு மக்கள் கூட்டத்தின் சமயத் தலைவர் அந்த மக்களுக்காகக் கடவுளிடமும் ஆள்வோரிடமும் மன்றாட வேண்டும் என்னும் கடமை. யூத, கிறிஸ்தவ மரபுகளில் இது விரிவான வரலாறு கொண்டது. இஸ்லாத்திலும் வைணவத்திலும் இதற்கு நெருங்கிய கருத்துகள் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர் இதைப் பரிந்துரை, மன்றாட்டு என்பர். சீர்திருத்தச் சபையார் 'திறப்பில் நிற்பது' என்பர்; மதில் இடிந்த இடத்தில் போய் நிற்பவனைப் பற்றி எசேக்கியேல் நூல் பேசுவதிலிருந்து வந்த வழக்கு அது. சுமார் மூவாயிரம் ஆண்டுகளாகத் தொடரும் இந்தக் கடமையில் இரண்டு சங்கதிகள் மாறவில்லை. செய்யாமல் விட்டால் அது குற்றம். செய்தால் பெரும்பாலும் ஆபத்து.

தொடக்கம்: ஆபிரகாமும் மோசேயும்

விவிலியத்தில் முதலில் இப்படிப் பேசியவர் ஆபிரகாம். அவர் பேரம் பேசியது தம் இனத்துக்காக அல்ல, சோதோம் என்ற அயலூருக்காக. ஐம்பது நீதிமான்கள் இருந்தால் ஊரை அழிக்காமல் விடுவீரா என்று தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது என இறங்கிப் பத்தில் வந்து நிற்கிறார். ஊரில் பத்துப் பேரும் தேறவில்லை, சோதோம் அழிந்தது. தோற்றுப்போன மன்றாட்டு ஒன்றுதான் இந்த மரபின் முதல் பக்கம்.

கடமைக்கு முழு உருவம் கொடுத்தவர் மோசே. சீனாய் மலையடியில் மக்கள் பொற்கன்று செய்து வணங்கியபோது, இவர்களை அழித்துவிட்டு உன்னிடமிருந்து ஒரு புதிய இனத்தை உண்டாக்குகிறேன் என்று கடவுள் சொன்னதாக யாத்திராகமம் கூறுகிறது. தலைவனுக்கு அதைவிடப் பெரிய ஆசை காட்ட முடியாது. மோசே அதை ஏற்கவில்லை. எகிப்தியர் என்ன பேசுவார்கள், ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்று வழக்கறிஞரைப் போல அடுக்குகிறார். பிறகு, இவர்களை மன்னிக்காவிட்டால் உமது நூலிலிருந்து என் பெயரையும் நீக்கிவிடும் என்கிறார். மக்களுடைய தண்டனைக்குள் தன்னையும் சேர்த்துவைத்துப் பேசும் இந்த முறை பின்னால் பலருக்கும் முன்மாதிரி ஆனது. பவுலும் தம் இனத்தாருக்காகத் தாம் சபிக்கப்படுவதாயினும் சரியே என்று உரோமையருக்கு எழுதினார்.

மோசேயின் அண்ணன் ஆரோன் செய்தது இன்னும் நேரடியானது. பாளையத்தில் கொள்ளைநோய் பரவியபோது தூபகலசத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், செத்தவர்களுக்கும் உயிரோடிருப்பவர்களுக்கும் நடுவே நின்றார் என்கிறது எண்ணாகமம். நோய் நிற்பதற்குள் 14,700 பேர் இறந்திருந்தார்கள்.

கடமையாக மாறியது

இவையெல்லாம் இக்கட்டு நேரத்துச் செயல்கள். இதை நிலையான பொறுப்பாக அறிவித்தவர் சாமுவேல். மக்கள் தமக்கு ஓர் அரசன் வேண்டும் என்று கேட்டார்கள். சாமுவேலுக்கு அதில் உடன்பாடில்லை, அது தம்மை ஒதுக்குவது போலவும் பட்டது. ஆனாலும் பதவி விலகும் உரையில், உங்களுக்காக மன்றாடுவதை நிறுத்தினால் கடவுளுக்கு எதிராகப் பாவம் செய்தவன் ஆவேன் என்ற கருத்தை முன்வைத்தார். மக்கள் பேச்சைக் கேட்காமல் போனாலும் தலைவருக்கு விடுதலை இல்லை என்பது இங்கிருந்து விதியாயிற்று.

எருசலேம் ஆலயத்தில் இந்த விதி உடையாகவும் சடங்காகவும் வடிவம் பெற்றது. தலைமைக் குரு தம் மார்பில் அணிந்த பதக்கத்தில் பன்னிரண்டு குலங்களின் பெயர் பொறித்த பன்னிரண்டு கற்கள் இருந்தன. மக்களை நெஞ்சில் சுமக்காமல் அவர் உள்ளே போக முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை, பாவக்கழுவாய் நாளில் மட்டும், மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைவார். முதலில் தமக்கும் தம் வீட்டாருக்கும் பலி, அப்புறம்தான் மக்களுக்கு.

அந்த நாளில் அவர் சொல்லும் சிறு மன்றாட்டு பற்றி, யூத ரபிகளின் நூலான தல்மூத்தில் சுவையான குறிப்பு ஒன்று இருக்கிறது. அந்த ஆண்டு நல்ல மழை பெய்ய வேண்டும் என்று கேட்பார். கூடவே, மழை வேண்டாம் என்று வழிப்போக்கர்கள் வேண்டினால் அதைக் காதில் வாங்க வேண்டாம் என்றும் கேட்பார். ஊருக்காகப் பேசுபவர் தனி ஆளின் வசதியை ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

தீர்க்கதரிசிகள் காலத்தில் இதன் எல்லைகளும் தெரியவந்தன. ஆமோஸ் இரண்டு முறை மன்றாடி வெட்டுக்கிளியையும் நெருப்பையும் தடுத்தார். மூன்றாம் தரிசனத்தில் அவருக்கு வாய்ப்பே தரப்படவில்லை. இந்த மக்களுக்காக மன்றாடாதே என்று எரேமியாவுக்குக் கட்டளையே வந்தது. மோசேயும் சாமுவேலும் வந்து நின்றாலும் பலிக்காது என்றும் சொல்லப்பட்டது. அப்படியும் எரேமியா புலம்புவதை விடவில்லை.

ரபிகளின் தீர்ப்பு

கி.பி. 70-இல் ஆலயம் இடிந்த பிறகு, கடமை ரபிகளின் கைக்கு வந்தது. அடுத்தவருக்காக இரக்கம் கேட்கக்கூடியவர் கேட்காமல் இருந்தால் அவர் பாவி என்று தல்மூத் தீர்ப்புச் சொல்கிறது. இதற்கு மிக விநோதமான சான்று அடைக்கலப் பட்டணங்களைப் பற்றிய சட்டத்தில் இருக்கிறது. கைதவறி ஒருவரைக் கொன்றுவிட்டவர், பழிவாங்குவோருக்குத் தப்பி அந்தப் பட்டணங்களில் ஒதுங்கலாம். தலைமைக் குரு இறந்தால்தான் அவர் வீடு திரும்ப முடியும். குரு சீக்கிரம் சாகட்டும் என்று அகதி வேண்டிக்கொள்ளக் கூடுமே! அதனால் தலைமைக் குருக்களின் தாய்மார்கள் அந்த அகதிகளுக்குச் சோறும் துணியும் கொடுத்து வந்தார்களாம். கொலைக்கும் குருவுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு ரபிகள் சொன்ன விடை கடுமையானது: தம் தலைமுறைக்காக அவர் சரியாக மன்றாடியிருந்தால் அந்த விபத்தே நடந்திருக்காது.

மன்றாடுபவரைச் சாபமிடுபவராக மாற்றப் பார்த்தவர்களும் உண்டு. கி.மு. 65 வாக்கில் யூதேயாவில் அரியணைச் சண்டை. ஒரு தரப்பு எருசலேம் ஆலயத்துக்குள், மறுதரப்பு வெளியே முற்றுகையில். மழை வருவித்தவர் என்று பெயர்பெற்ற ஓனியாசைப் பிடித்துவந்து, உள்ளே இருப்பவர்களைச் சபிக்கும்படி முற்றுகையிட்டவர்கள் வற்புறுத்தினார்கள். இரண்டு பக்கமும் உம்முடைய மக்களே, ஒருவருக்கு எதிராக மற்றவர் கேட்பதைக் கேளாதேயும் என்று அவர் வேண்டினார். கூட்டம் அவரைக் கல்லெறிந்து கொன்றது. இதைப் பதிவு செய்தவர் வரலாற்றாசிரியர் யோசேப்பு.

உரோமைப் பேரரசில் ஆயர்கள்

கிறிஸ்தவ இறையியலில் இயேசுவே நிலையான பரிந்துரையாளர். எபிரேயர் நிருபம் அவரை அப்படித்தான் காட்டுகிறது. சபையின் பொறுப்பாளர்கள் அவர் வேலையில் பங்கு பெறுகிறார்கள். நான்காம் நூற்றாண்டில் பேரரசர்கள் கிறிஸ்தவர்கள் ஆனதும் இந்தக் கடமைக்கு இரண்டாவது முகம் வந்தது. கடவுள் முன் மன்றாடியவர் இப்போது அரசர் வாசலிலும் நின்றார். வாசலில் கூட்டம் கூடிப்போகவே, 343-இல் சார்திக்காவில் (இன்றைய சோபியா) கூடிய ஆயர் மன்றம் ஒரு வரம்பு விதித்தது: ஆயர்கள் சொந்தக் காரியத்துக்கு அரண்மனை ஏறக் கூடாது, நாடு கடத்தப்பட்டோர், ஒடுக்கப்பட்டோர் போன்றவர்களுக்காகப் பேசலாம்.

இதன் பெரிய சோதனை 387-இல் அந்தியோக்கியாவில் வந்தது. புதிய வரியால் கொதித்த மக்கள் பேரரசர் தியோடோசியுஸ், இறந்துபோன அவர் மனைவி ஆகியோரின் சிலைகளைத் தள்ளி உடைத்து, தெருவில் இழுத்தார்கள். அரசத் துரோகம் அது. உள்ளூர் அதிகாரிகள் கொலைத் தண்டனைகளைத் தொடங்கிவிட்டார்கள்; நகரமே தரைமட்டமாகும் என்ற பேச்சு பரவியது. முதியவரான ஆயர் ஃபிளாவியன், சாகக் கிடந்த தம் சகோதரியை விட்டுவிட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கிளம்பினார். அவர் திரும்பும்வரை நகரத்தாரைத் தேற்றும் வேலை இளம் குரு யோவான் கிறிசோஸ்தோமுடையது. சிலைகளைப் பற்றி அவர் ஆற்றிய அந்தத் தவக்கால உரைகள்தான் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோயின.

இதற்கிடையே மலைக் குகைகளிலிருந்து துறவிகள் இறங்கிவந்து விசாரணை அதிகாரிகளை வழிமறித்தார்கள். அவர்களில் மக்கெதோனியுஸ் என்பவருக்குப் படிப்பறிவு கிடையாது, கிரேக்கமும் தெரியாது. வெண்கலச் சிலையைத் திரும்ப வார்த்துவிடலாம், கொன்ற மனிதனின் ஒரு முடியைக்கூட உங்கள் அரசரால் உண்டாக்க முடியாது என்று அவர் சிரியாக் மொழியில் சொன்னதாக வரலாற்றாசிரியர் தியோதொரேத் எழுதுகிறார். ஈஸ்டருக்கு முன் மன்னிப்போடு திரும்பினார் ஃபிளாவியன்.

குற்றவாளிக்காகவும் பரிந்து பேசலாமா? ஆப்பிரிக்க மாகாணங்களின் உயரதிகாரி மாசிதோனியுஸ் 413-ஐ ஒட்டி இந்தக் கேள்வியை ஹிப்போ ஆயர் அகுஸ்தீனிடம் கேட்டார். குற்றத்துக்குத் தண்டனை வாங்கித் தராமல் மன்னிப்புக் கேட்பது குற்றத்துக்கு உடந்தையாவது அல்லவா என்பது அதிகாரியின் சந்தேகம். அகுஸ்தீனின் பதில்: மனிதன் திருந்துவதற்கு இந்த வாழ்வைத் தவிர வேறு காலம் இல்லை, ஆகவே அவன் உயிரோடு இருக்க வேண்டும், நீதிபதியின் கண்டிப்புக்கும் பயன் உண்டு, ஆயரின் மன்றாட்டுக்கும் பயன் உண்டு. ஆனால் திருடியதைத் திருப்பிக் கொடுக்காதவனுக்காகப் பேசி அந்தப் பொருளை அவனிடமே தங்கவைப்பது கூட்டுக் களவு என்றும் எச்சரித்தார். தம்முடைய குருக்களில் ஒருவரைக் கொன்று இன்னொருவரை ஊனமாக்கியவர்களுக்கு மரண தண்டனை வேண்டாம் என்று அதிகாரி மார்செல்லினுஸுக்குக் கடிதம் எழுதியவரும் இவரே. அந்த மார்செல்லினுஸ் 413-இல் அரசியல் பழியில் சிக்கியபோது அகுஸ்தீன் அவருக்காகவும் பேசினார்; பலிக்கவில்லை, மார்செல்லினுஸ் தலை துண்டிக்கப்பட்டது.

452-இல் திருத்தந்தை முதலாம் லெயோ வட இத்தாலியில் ஹூணர் தலைவன் அத்திலாவைச் சந்தித்ததும், அவன் உரோமைக்கு வராமல் திரும்பியதும் பரவலாகத் தெரிந்த கதை. லெயோவுடன் இரண்டு உயர் அதிகாரிகளும் தூது போனார்கள். அத்திலாவின் படையைப் பஞ்சமும் நோயும் அப்போது வாட்டிக்கொண்டிருந்தன. மன்றாட்டுக்கு எவ்வளவு பங்கு, பசிக்கு எவ்வளவு பங்கு என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

மாஸ்கோவின் பிலிப்

ரஷ்யத் திருச்சபையில் தண்டனைக்குள்ளானவருக்காக ஜார் மன்னரிடம் முறையிடுவது பேராயரின் உரிமையாகவே கருதப்பட்டது. அந்த உரிமையைக் கடைசிவரை பயன்படுத்தியவர் பேராயர் பிலிப். வெண்கடலில் உள்ள சோலோவெட்ஸ்கி மடத்தின் தலைவராக இருந்த அவரை 1566-இல் நான்காம் இவான் மாஸ்கோவுக்கு அழைத்துப் பதவியில் அமர்த்தினார். ஓராண்டுக்கு முன்புதான் இவான் தம் கொடும்படையான ஒப்ரிச்னினாவைத் தொடங்கியிருந்தார். அந்தப் படையின் விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று பிலிப் எழுதிக்கொடுத்தார். பரிந்து பேசும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

கொலைகள் பெருகின. 1568-இல் உஸ்பென்ஸ்கி பேராலயத்தில் ஆசி கேட்டு நின்ற ஜாருக்கு ஆசி தர மறுத்து, கொல்லப்படுவோருக்காக எல்லோர் முன்னும் பேசினார் பிலிப். அவ்வாண்டு இறுதியில் அவருடைய பதவி பறிக்கப்பட்டது. த்வேர் நகர மடமொன்றில் அடைக்கப்பட்டிருந்த அவரை 1569 டிசம்பரில் இவானின் ஆள் மல்யூத்தா ஸ்குரத்தோவ் மூச்சுத்திணற வைத்துக் கொன்றார். 1652-இல் அவர் எலும்புகள் மரியாதையுடன் மாஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்டன.

கடல் கடந்த நாடுகளில்

ஐரோப்பியர் கப்பலேறியபோது, குருக்கள் யாருக்காகப் பேச வேண்டும் என்ற கேள்வி புதிதாக எழுந்தது: கூட வந்தவர்களுக்காகவா, அவர்களிடம் சிக்கியவர்களுக்காகவா? 1511 டிசம்பரில் சாந்தோ தொமிங்கோவில் தொமினிக்கன் துறவி மொந்தேசினோஸ், செவ்விந்தியரை அடிமையாய் உழைக்கவைத்த ஸ்பானியரைப் பிரசங்க மேடையிலிருந்தே சாடினார். அப்போது அடிமை உழைப்பில் வாழ்ந்தவர்களில் ஒருவரான பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் சில ஆண்டுகளில் மனம் மாறி, தம்மிடம் இருந்தவர்களை விடுவித்தார்; 1516-இல் 'செவ்விந்தியரின் பாதுகாவலர்' என்ற பட்டம் பெற்றார். செவ்விந்தியரைக் காக்க ஸ்பெயின் இயற்றிய 1542-இன் 'புதிய சட்டங்களுக்கு' அவர் உழைப்பும் ஒரு காரணம். சியாப்பா ஆயரானதும், பறித்ததைத் திருப்பித் தராதவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கக் கூடாது என்று உத்தரவிட்டார். செவ்விந்தியர் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று தொடக்கத்தில் அவரே யோசனை சொன்னதும், பின்னர் அதற்காக வருந்தியதும் அதே வாழ்க்கையில்தான். ஒரு சாராருக்காகப் பேசும்போது இன்னொரு சாராரை விலைபேசிவிடும் அபாயத்துக்கு அவரே சாட்சி.

தமிழகக் கடற்கரையில் இந்தக் கடமையின் முதல் பெரிய பதிவு பிரான்சிஸ் சவேரியாரின் கடிதங்கள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், சில ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றிருந்த பரதவர் மக்களிடையே ஊர் ஊராக நடந்தார். 1544-இல் வடுகர் படை தாக்கியபோது கன்னியாகுமரிப் பக்கத்து மக்கள் கடற்பாறைகளில் ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் வாடினர். மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார் சவேரியார். காற்று எதிர்த்ததால் கடல்வழி போக முடியவில்லை. தூத்துக்குடியிலிருந்த போர்ச்சுகீசியக் கேப்டனின் அக்கிரமங்களை அவர் கடிதங்களில் கடுமையாகக் கண்டித்தார். அதே கேப்டன் அவ்வாண்டே வடுகரிடம் வீட்டை இழந்து தீவில் தண்ணீரின்றித் தவித்தபோது, தோணிகளில் நீரோடு ஓடிப்போய்க் காப்பாற்றும்படி தம் தோழருக்கு எழுதியதும் சவேரியார்தான். 1545-இல் கொச்சியிலிருந்து போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் அதிகாரிகளின் பேராசையைப் பற்றி முறையிட்டார்.

பிற மரபுகள்

இஸ்லாத்தில் இதற்கு ஷஃபாஅத் என்று பெயர். இறைவனின் அனுமதியின்றி யாரும் பரிந்து பேச முடியாது என்பது குர்ஆன் வகுக்கும் எல்லை. மறுமையில் நபிகள் நாயகம் தம் சமுதாயத்துக்காகப் பரிந்து பேசுவார் என்பது ஹதீஸ் வழி நம்பிக்கை. கலீஃபா உமர் காலத்து வறட்சியில், நபியின் சிறிய தந்தை அப்பாஸை முன்னிறுத்தி மழை வேண்டப்பட்டது. மழை பொய்த்த ஆண்டுகளில் தமிழக ஊர்களில் இமாம்கள் நடத்தும் மழைத் தொழுகை அந்த வழியில் வருவது.

தென்கலை வைணவத்தில் இதன் பெயர் புருஷகாரம். அடியாருடைய குற்றத்தைப் பெருமாள் பாராமலிருக்கும்படி பிராட்டி எடுத்துச் சொல்கிறாள். பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணம் தொடக்கத்திலேயே இதை விரிக்கிறது. ஆசாரியருக்கும் இதில் பங்கு உண்டு. பதினெட்டு முறை நடையாய் நடந்து பெற்ற மந்திரப் பொருளை இராமானுசர் திருக்கோட்டியூரில் எல்லோருக்கும் வெளியிட்டார் என்றும், ஊரார் உய்ய நான் நரகம் போனால் போகட்டும் என்றார் என்றும் குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. மோசேயும் பவுலும் எடுத்த அதே நிலை.

சட்டப் புத்தகத்தில்

கத்தோலிக்கத் திருச்சபை இந்தக் கடமையை நாள் குறித்துச் சட்டமாக்கியது. ஆன்மப் பொறுப்பு ஏற்றவர்கள் தம் மந்தைக்காகப் பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று பதினாறாம் நூற்றாண்டில் திரெந்துப் பொதுச்சங்கம் சொன்னது. 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அதை ஞாயிறு, கடன் திருநாள்களுக்கு எனத் தெளிவாக்கினார். 1983-இன் திருச்சபைச் சட்டத்தில் 388-ஆம் விதி ஆயரையும் 534-ஆம் விதி பங்குக் குருவையும் கட்டுப்படுத்துகின்றன. அந்தப் பூசைக்குக் காணிக்கை வாங்கும் வழக்கம் இல்லை. விட்டுப்போன பூசைகள் எத்தனையோ அத்தனையையும் கூடிய சீக்கிரம் நிறைவேற்றித் தீர வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டு

நாஜிக்களின் காலம் இந்தக் கடமையை உரசிப் பார்த்தது. மனநோயாளிகளையும் ஊனமுற்றோரையும் அரசே கொன்றுவருவதை ஜெர்மனியின் முன்ஸ்டர் ஆயர் ஃபொன் காலன் 1941 ஆகஸ்டு 3 அன்று பிரசங்கத்தில் அம்பலப்படுத்தினார். அதே மாதம் 24-இல் ஹிட்லர் அந்தத் திட்டத்தை நிறுத்த ஆணையிட்டார். ஆனால் கொலைகள் மறைவாகத் தொடர்ந்தன. யூதர்களுக்காக ஃபொன் காலன் அப்படி வெளிப்படையாகப் பேசவில்லை.

பேசிய இடங்களும் உண்டு. 1943 மார்ச்சில் பல்கேரியாவின் பிலோவ்திவ் நகரில் யூதர்களைப் பிடித்து ரயிலேற்றத் தயாரானபோது, ஆர்த்தடாக்ஸ் பேராயர் கிரில் மன்னர் போரிஸுக்குத் தந்தி அடித்ததோடு, அவர்களை அடைத்துவைத்த இடத்துக்கே போய் நின்றார். சோபியாவின் பேராயர் ஸ்தெஃபானும் எதிர்த்தார். நாடாளுமன்றத் துணைத் தலைவர் பெஷெவ் கையெழுத்து திரட்டினார். நாட்டிலிருந்த சுமார் 48,000 யூதர்கள் பிழைத்தார்கள். பல்கேரியா பிடித்துவைத்திருந்த திரேஸ், மாசிடோனியா பகுதிகளின் 11,000-க்கும் மேற்பட்ட யூதர்களுக்காக யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை, அவர்கள் அனுப்பப்பட்டார்கள். கிரேக்கத் தீவான சகிந்தோஸில் யூதர்களின் பட்டியலை ஜெர்மானியர் கேட்டபோது, பேராயர் கிறிசோஸ்தொமோஸும் நகரத் தலைவர் கர்ரேரும் நீட்டிய தாளில் தங்கள் இருவர் பெயர் மட்டுமே இருந்ததாகத் தீவின் மக்கள் சொல்கிறார்கள். தீவின் 275 யூதர்களும் தப்பினர்.

போர் முடிந்ததும், 1945 அக்டோபரில் ஜெர்மன் சீர்திருத்தச் சபைத் தலைவர்கள் ஸ்டுட்கார்ட்டில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். துணிவோடு பேசவில்லை, இன்னும் உண்மையாக மன்றாடவில்லை என்று தம்மீதே குற்றம் சாட்டிக்கொண்டார்கள். சாமுவேல் பாவம் என்று சொன்னதைச் செய்துவிட்டோம் என்ற ஒப்புதல் அது.

எல் சல்வதோரின் பேராயர் ஓஸ்கார் ரொமேரோ, தம் நாட்டு அரசுக்கு ராணுவ உதவி தர வேண்டாம் என்று 1980 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கார்ட்டருக்கு எழுதினார். மார்ச் 23 ஞாயிறு மறையுரையில், அடக்குமுறையை நிறுத்தும்படி படைவீரர்களிடமே மன்றாடினார். மறுநாள் பலிபீடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2018-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

மன்னாரின் கணக்கு

ஈழத்தில் இந்தக் கடமை ஒரு கழித்தல் கணக்காக வந்தது. நெடுந்தீவில் பிறந்த இராயப்பு யோசேப்பு 1992 முதல் மன்னார் ஆயர். உள்நாட்டுப் போர் முடிந்தபின் இலங்கை அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் 2011 ஜனவரி 8 அன்று அவர் தம் குருக்களுடன் அறிக்கை ஒன்றைச் சமர்ப்பித்தார். 2008 அக்டோபரில் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பதிவுகளின்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர்; 2009 ஜூலை வரை அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன ஆனது என்று கேட்டார். முதல் எண் அரசுத் தரப்பின் பதிவு, இரண்டாவது ஐ.நா.வின் மதிப்பீடு என்பதால் அந்தக் கேள்வியைப் பொய் என்று தள்ளுவது எளிதாக இருக்கவில்லை. பின்னர் அவரைக் குற்றப் புலனாய்வுப் பிரிவினர் விசாரித்தார்கள். ஆயர் எண்ணை மாற்றிக்கொள்ளவில்லை.

2016-இல் ஓய்வு பெற்ற அவர் 2021 ஏப்ரல் 1 அன்று காலமானார். அவர் கேட்ட 1,46,679 பேருக்கும் பெயர்வாரியான விடையை இலங்கை அரசு இதுவரை தரவில்லை.